சிரட்டைக்குள் ஒரு சோப்புப் படலம்

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களும் ஊர்க்காரர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கு வணக்கம். மக்களே, முன்வரிசைப் பிள்ளைகள் கொஞ்சம் எழுந்து இந்த மேசையைப் பாருங்கள். தேங்காய்ச் சிரட்டையில் கண்ணுள்ள பாதி. கண்ணைக் குத்தித் திறந்திருக்கிறேன். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, சோப்புத் தண்ணீரால் நனைத்திருக்கிறேன். இப்போது வாயை முக்கி எடுக்கிறேன். வாய் நிறைய ஒரு படலம். லேசாக ஊதி உள்ளே தள்ளிவிட்டேன். பாருங்கள், இனி அது தானாகவே கண்ணை நோக்கி நகர்கிறது.

ஏன் நகர்கிறது? தன் பரப்பைக் குறைக்க. எந்தப் பக்கம் போனால் வேகமாகக் குறையுமோ அந்தப் பக்கம் போகிறது. பேச்சிப்பாறை மலையில் விழுந்த மழை சரிவு பார்த்துக் கோதையாற்றில் இறங்குகிறதே, அதே நியாயம்தான். இங்கே இறங்குவது ஒரு வடிவம். கணிதத்தில் இதைச் சரிவோட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படலத்தின் ஓரம் சிரட்டைச் சுவரை விட்டு விலகுவதில்லை. சுவரின்மேல் வழுக்கிப் போகலாம், அவ்வளவுதான். சுவரைச் செங்குத்தாகத் தொட்டுக்கொண்டே போகிறது. இன்றைய பேச்சு முழுக்க இந்த ஓரத்தைப் பற்றியது.

சோப்புப் படலங்களை விடாமல் ஆராய்ந்தவர் பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோ. பார்வை இழந்த பின்னும் பிறர் கண்களின் துணையோடு சோதனைகளைத் தொடர்ந்தவர். 1873-ல் தன் ஆய்வுகளைத் திரட்டி நூலாக்கினார். வளைத்த கம்பி எதுவானாலும் அதற்கு ஒரு படலம் உண்டா என்ற கேள்வி அவர் பெயரிலேயே நின்றது. 1931-ல் ஜெஸ்ஸி டக்ளஸ் விடை எழுதினார். 1936-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்ற இருவரில் அவர் ஒருவர். அவர் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். படலத்தை எழுதாமலே, ஓரத்தை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு மிகக் குறைந்த இடத்தில் படலம் தானே கையில் வந்தது.

கணக்கு இதுதான். ஒரு வட்டத்தில் இரண்டு புள்ளிகளை எடுங்கள். அவை கம்பியில் போய் உட்காரும் இடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தின் வர்க்கத்தை, வட்டத்தில் அவற்றுக்கிடையேயுள்ள நேர்தூரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். எல்லா ஜோடிகளுக்கும் இப்படிச் செய்து கூட்டுங்கள்.

பலகையில் போட்டுக் காட்டுகிறேன். வட்டத்தில் சம இடைவெளியில் 4 புள்ளிகள், 6 ஜோடிகள். புள்ளிகள் தத்தம் இடத்திலேயே இருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் 1, மொத்தம் 6. இரண்டாம் புள்ளியைத் தூக்கி முதல் புள்ளிமேல் வையுங்கள். ஒரு ஜோடி 0 ஆகிறது, ஒன்று 2, ஒன்று அரை, மற்ற மூன்றும் 1. மொத்தம் ஐந்தரை. ஒரே ஒரு புள்ளி நகர்ந்ததற்கு மூன்று ஜோடிகள் பதில் சொல்லின.

நம் கடற்கரையில் இரு கயிறுகளைப் பிடித்துக் கரைக்குக் கரமடி வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இந்தக் கயிற்றில் நிற்கிறவர் தன் பக்கத்து ஆளை மட்டும் பார்த்து இழுத்தால் போதாது. அந்தக் கயிற்றுக்காரர்கள் எவ்வளவு இழுத்திருக்கிறார்கள் என்பதும் அவர் கைக்குத் தெரிய வேண்டும். ஒரு வடிவத்தின் புள்ளிகளை இன்னொன்றின்மேல், நீட்சி சமநிலையில் நிற்கும்படி உட்கார வைப்பதை ஹார்மானிக் மேப் என்பார்கள். வழக்கமான ஹார்மானிக் மேப்பில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியை மட்டுமே பார்க்கும். பின்ன ஹார்மானிக் மேப்பில் எல்லாப் புள்ளியும் எல்லாப் புள்ளியையும் பார்க்கும், தூரத்தில் இருப்பதைக் கொஞ்சம் குறைவாக.

பின்னம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? வட்டத்தைச் சுற்றி 9 முறை ஏறி இறங்கும் அலையை ஒருமுறை வகையிட்டால், அதாவது ஒவ்வோர் இடத்திலும் அதன் சரிவைக் கணக்கிட்டால், அதன் உயரம் 9 மடங்காகும். அரைமுறை வகையிட்டால் 9-ன் வர்க்கமூலம், 3 மடங்கு. டக்ளஸின் ஜோடிக் கணக்கில் வரும் மொத்தம்தான் இந்த அரை வகையிடலின் ஆற்றல், அதாவது நீட்டியதன் மொத்தச் செலவு. ஓரம் ஒரு கோளத்தின்மேலேயே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தி, இந்த ஆற்றலைச் சரிவு பார்த்து இறங்கவிட்டால் நம் சிரட்டையின் கணித உறவினர் கிடைத்துவிடுகிறார்.

இறங்குகிற வடிவம் வழியில் உடையுமா, அதாவது வழவழப்பு கெட்டு ஓரிடத்தில் அறுந்துபோகுமா? வழக்கமான ஹார்மானிக் மேப்பின் சரிவோட்டத்துக்கு ஈல்ஸும் சாம்ப்சனும் 1964-ல் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள்: போய்ச்சேரும் பரப்பில் கோளம்போன்ற நேர்வளைவு எங்கும் இல்லையென்றால் ஓட்டம் என்றும் உடையாது. கோளத்துக்கு அந்த உறுதி கிடையாது. 1992-ல் சாங், டிங், யே மூவரும், தட்டையான வட்டிலிலிருந்து கோளத்துக்குப் போகும் ஓட்டம் முடிவுள்ள காலத்துக்குள்ளேயே உடையலாம் என்று காட்டினார்கள்.

உடைவது ஏன் என்பதற்கு டக்ளஸின் கணக்கிலேயே விடை இருக்கிறது. வட்டத்துக்குப் பதிலாக ஒரு நேர்க்கோட்டை எடுத்து, அதில் வரைந்த வடிவத்தை இரண்டு மடங்கு நீட்டுங்கள். நாம் வகுக்கிற தூரத்தின் வர்க்கம் 4 மடங்காகிறது, ஆகவே ஒவ்வொரு பங்கும் நாலில் ஒன்றாகிறது. ஆனால் ஜோடிகளும் 4 மடங்கு பெருகிவிட்டன. மொத்தம் மாறவில்லை! நீட்டினாலும் செலவில்லை, சுருக்கினாலும் செலவில்லை. அதனால் ஆற்றல் ஒரு சின்ன இடத்தில் போய்க் குவியலாம், வலை சுருங்கச் சுருங்க மீனெல்லாம் மடிக்குள் வந்து சேர்வதுபோல. அந்தக் குவியலைக் குமிழி என்பார்கள். ஓட்டத்தை விட்டுக் குமிழி பிரியும்போது குறைந்தது ஓர் அளவு ஆற்றலையாவது கொண்டுபோய்விடும், அதற்குக் கீழே குமிழியே கிடையாது. ஆகவே கையிருப்பு ஆற்றலை வைத்து எத்தனை குமிழிகள் வரலாம் என்று எண்ணிவிடலாம். வழக்கமான ஓட்டத்தில் இந்த எண்ணிக்கை நியாயத்தை 1985-ல் மைக்கேல் ஸ்ட்ரூவெ நிறுவினார். பிறகு அவரே அரை வகையிடலின் ஆற்றல் இறங்கும் அரை ஓட்டத்துக்கும் வந்து, அதற்குப் பிளாட்டோ ஓட்டம் என்று பெயர் வைத்தார்.

ஓட்டம் நின்ற பிறகு கிடைக்கும் அரை ஹார்மானிக் வடிவங்கள், நேர்க்கோட்டிலிருந்து கோளத்துக்குப் போகிறவை, கூர்முனையே இல்லாமல் வழவழப்பானவை என்று 2011-ல் டா லியோவும் ரிவியேரும் நிறுவினார்கள். ஓட்டத்தின் நடுவில் என்ன நடக்கலாம் என்பதற்கு யானிக் சியர், ஜுன்செங் வெய், யூச்சுவான் ஜெங் மூவரும் ஓர் அழகான உதாரணம் கட்டினார்கள். கோட்டிலிருந்து வட்டத்துக்குப் போகும் அரை ஓட்டம் அது. குமிழி நாளுக்கு நாள் சுருங்குகிறது. எந்த நாளிலும் புள்ளியாவதில்லை. முடிவில்லாத காலத்தில்தான் புள்ளியாகிறது.

சிரட்டைப் படலம் அவ்வளவு காத்திராது, சில நொடிகளில் கண்ணுக்கு வந்துவிடும். சோப்புத் தண்ணீர் இன்னும் அரை வாளி இருக்கிறது. மக்களே, ஒவ்வொருவராக வாங்க.