மைனஸ் எட்டு, மைனஸ் பத்து: கண்ணாடி எண்ணுக்குப் பின்னால் நீளும் கண்

(திரையில்: காலை நேரம். மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் வாசல். முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்து வரும் குடும்பங்கள்.)

மதுரையில் கண் ஆஸ்பத்திரி என்றதும் வயதானவர்களின் கண்புரை அறுவைச் சிகிச்சைதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வட்டாரத்துக்குத் தந்த பழக்கம் அது. மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைத்தால் கண்புரை அத்துடன் தீர்ந்துவிடுகிறது. இந்த வீடியோவில் நாம் பேசப்போவது அப்படி ஒரே நாளில் தீராத ஒரு நிலையைப் பற்றி. சிறு வயதில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு பவர் ஏறிக்கொண்டே போகும் கடுமையான கிட்டப்பார்வையே அது.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "பவர் எப்போது நிற்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை கண்ணாடியில் இல்லை. கண்ணின் நீளத்தில் இருக்கிறது.

(திரையில்: கண்ணின் குறுக்குவெட்டுப் படம். முன்னிருந்து பின்னாக ஓர் அளவுகோல்.)

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு அது 23 அல்லது 24 மில்லிமீட்டரில் நின்றுவிட வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. கண் மேலும் நீளும்போது, தொலைவிலிருந்து வரும் ஒளி, கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையை எட்டுவதற்கு முன்பே குவிந்துவிடுவதால் தூரத்துப் பொருள்கள் மங்குகின்றன. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் பவர் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரை ஏறும். மைனஸ் ஆறையோ 26 மில்லிமீட்டரையோ தாண்டினால் அதை உயர் கிட்டப்பார்வை என்று மருத்துவர்கள் குறிக்கிறார்கள். பவரின் பொருளை வீட்டிலேயே புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு: நூறைப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்பது கிடைக்கும். மைனஸ் எட்டு உள்ள பிள்ளைக்கு அது பன்னிரண்டரை சென்டிமீட்டர். முகத்தோடு ஒட்டிப் புத்தகம் பிடிக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மங்கலைக் கண்ணாடி சரிசெய்துவிடுகிறது. நீண்டுவிட்ட கண்ணை அது சுருக்குவதில்லை. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிக்கும்போது அது மெலிந்து, அடியில் உள்ள கல் தெரியும் அளவுக்குப் போய், ஓரங்களில் கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். நீளும் கண்ணுக்குள் விழித்திரையும் அதன் பின்னுள்ள இரத்தக்குழாய்ப் படலமும் அப்படித்தான் மெலிகின்றன. ஓரத்தில் கிழிசல் விழுந்தால் அதன் வழியே நீர் புகுந்து விழித்திரை பிரிந்துபோகலாம். நடுப்பகுதியில் விரிசல் கண்டு, அங்கே தேவையற்ற புது இரத்தக்குழாய்கள் முளைக்கலாம். கண்ணழுத்த நோயும் (கிளாக்கோமா) இளவயதுக் கண்புரையும் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள், "எனக்குக் கண் குணமாகிவிட்டது" என்று நினைத்து விழித்திரைப் பரிசோதனையை நிறுத்திவிடுகிறார்கள். லேசர் மாற்றுவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழியின் வளைவை மட்டுமே. பின்பக்கம் இருக்கும் நீண்ட கண்ணும் மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கின்றன. மேலும், கருவிழி மெலிந்துவிடுவதால் கண்ணழுத்தம் உள்ளதைவிடக் குறைவாக அளவிடப்படக்கூடும். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் உள்ள தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

(திரையில்: பள்ளி மைதானம். வேப்பமர நிழலில் விளையாடும் பிள்ளைகள்.)

வளரும் வயதில் கண் நீள்வதை முழுவதும் நிறுத்த முடியாவிட்டாலும் மெதுவாக்க முடியும். இந்தத் துறையில் இப்போது உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. மிகக் குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தை இரவில் ஒரு சொட்டு விடுவது ஒரு வழி. ஹாங்காங்கில் 0.01, 0.025, 0.05 சதவீதங்களை ஒப்பிட்டு நடந்த ஆய்வின் முதல் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன, அவற்றுள் 0.05 சதவீதமே கூடுதலாகப் பலன் தந்தது. எந்தச் செறிவு, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தினால் பவர் வேகமாக ஏறிவிடும் வாய்ப்பு உண்டு. நடுப்பகுதி தெளிவாகவும் சுற்றுப்பகுதி வேறுவிதமாகவும் ஒளியைக் குவிக்கும் சிறப்புக் கண்ணாடிகளும், பிள்ளைகளுக்கான காண்டாக்ட் லென்ஸ்களும், இரவில் மட்டும் அணியும் கடினமான லென்ஸ்களும் மற்ற வழிகள். லென்ஸ் அணியும் பிள்ளை கை கழுவும் ஒழுக்கத்தைக் கற்றிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது.

வெளிச்சம் செலவில்லாத மருந்து. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்த பிள்ளைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றவர்களில் அது 39.5 சதவீதம். கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுவதில் இது பெரிதும் உதவுகிறது. ஏற்கனவே ஏறிவரும் பவரின் மீது இதன் பிடி அவ்வளவு வலுவானதன்று. சித்திரை வெயிலில் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. வீட்டுக்குள் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும்போது வேப்பமர நிழலிலேயே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கிறது. காலையும் மாலையும் போதும்.

பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்தால் கண் பழகி நின்றுவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது தவறு; சரியான முழுப் பவரைத்தான் அணிய வேண்டும். எண்ணெய் விட்டும் கண் பயிற்சி செய்தும் மைனஸ் எட்டை இறக்கலாம் என்று சொல்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ஐந்து ஆறு வயதுக்குள்ளேயே பவர் மிக அதிகமாக இருந்தால் அதற்குப் பின்னால் மரபுக் காரணம் இருக்கலாம். பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களானால், தயங்காமல் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

(திரையில்: ஒரு கண்ணைக் கையால் மூடி ஜன்னல் கம்பியைப் பார்க்கும் பெண்.)

உயர் கிட்டப்பார்வை உள்ள எவரும், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையின் ஓரம் வரை பார்க்கச் செய்ய வேண்டும். அதன் பின் சில மணி நேரம் கண் கூசும், அருகில் உள்ளது மங்கும். அன்று இரு சக்கர வாகனத்தில் வராமல், துணைக்கு ஒருவரோடு பேருந்தில் வாருங்கள். வீட்டில் வாரம் ஒரு முறை ஒவ்வொரு கண்ணையும் மாற்றி மாற்றி மூடி ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள். நேரான கம்பி நெளிந்து தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் அந்தப் புது இரத்தக்குழாய்களிலிருந்து கசிவு இருக்கலாம். கண்ணுக்குள் போடும் ஊசியால், காலத்தோடு வந்தால், பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்ற முடிகிறது. திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்குவதுபோல் இருண்டாலோ அன்றே புறப்பட வேண்டும். வலி இருக்காது என்பதால்தான் பலர் திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். கிழிசலாக இருக்கும்போது லேசரால் அடைக்கலாம். பிரிந்த பின் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அரசு இராசாசி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. பணத்தை நினைத்து நாளைக் கடத்த வேண்டாம்.

தலையில் அடிபடும் ஆட்டங்களை, கபடி உட்பட, விழித்திரையைச் சோதித்த பிறகே தொடரலாமா என்று முடிவு செய்யுங்கள். பவர் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரசவத்தில் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை என்பதையும் கர்ப்பிணிகளின் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒரு சிறு நோட்டைக் கொண்டுவந்து, பவரோடு கண்ணின் நீளத்தையும் தேதி போட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். ஆறு மாத இடைவெளியில் எழுதிய அளவுகள்தாம் சிகிச்சை பலன் தருகிறதா என்பதைக் காட்டும். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்கள் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் வரை காத்திருக்காமல், அதே நாளில் அவர்களையும் அழைத்து வாருங்கள்.