வீட்டுக்கு ஓர் அரூப ஓவியம்: ஓவியரிடம் என்ன சொல்லி வரையச் சொல்வது?

[காட்சி: இராமநாதபுரம் அரண்மனை, இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்கள்]

வணக்கம். இது இராமலிங்க விலாசம். சேதுபதி மன்னர்கள் ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் வரையவைத்த ஓவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஒரு பக்கம், இராமாயணம் ஒரு பக்கம். வரையச் சொன்னவருக்கும் வரைந்தவருக்கும் குழப்பமே வந்திருக்காது. போர் என்றால் போர், யானை என்றால் யானை.

என்னிடம் வருகிறவர்கள் கேட்பது அரூப ஓவியம். அதில் யானை கிடையாது. நிறம், கோடு, பரப்பு, அவ்வளவுதான். அப்படியானால் எதைச் சொல்லி வரையச் சொல்வது? இந்த வீடியோ அதற்காகத்தான்.

[காட்சி: வரவேற்பறை, நீலச் சோபா, வெறுஞ்சுவர்]

பலர் சோபாவை போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். "இதுக்கு மேட்ச்சா ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே." அந்த போட்டோவும் எனக்கு வேண்டும்தான். ஆனால் சோபாவை என்றைக்காவது மாற்றிவிடுவீர்கள், படத்தை மாற்றமாட்டீர்கள். அதனால் நான் வேறொன்று கேட்பேன்: எந்த இடம், எந்த நேரம் உங்கள் மனதில் திரும்பத் திரும்ப வருகிறது?

தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் "கடல் வேணும்" என்றார். எந்தக் கடல்? நம் கரையில் இதைக் கேட்டே ஆக வேண்டும். தனுஷ்கோடி மணலில் நின்றால் வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே அலையடிக்கும் ஆண் கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த அமைதியான வடகடலே கொந்தளிக்கும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வாடைக் காலத்தில் தொழிலுக்குப் போக முடியாமல் அப்பா ஓலைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து வலையைச் சரிசெய்ததையும், கீற்று இடுக்கு வழியே வந்த விடியல் வெளிச்சத்தையும் சொன்னார். எனக்கு அது போதும். படம் முழுக்கச் சாம்பல் நிறம், கீழே மெல்லிய மஞ்சள் கீறல்கள். கடல் வரவே இல்லை. பார்த்தவர் கொட்டகையைப் பற்றித்தான் பேசினார்.

[காட்சி: ஓவியக் கூடம், சாய்த்து வைத்த கேன்வாஸ்கள்]

ஓவியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய அண்மைக்காலப் படங்களைப் பாருங்கள். கே.எம். ஆதிமூலம் கறுப்பு மைக் கோடுகளில் காந்தியை வரைந்தவர். பிற்காலத்தில் அதே கை முழுக்க முழுக்க வண்ணப் பரப்புகளுக்குப் போனது. ஓவியர் மாறிக்கொண்டே இருப்பார். பத்து வருடத்துக்கு முன் வரைந்ததைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டால், உங்களுக்குக் கிடைப்பது நகல்தான்.

அளவுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. 6 அடிச் சோபா என்றால் அதன் மேல் சுமார் 4 அடி அகலப் படம் பொருந்தும். செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டி, சுவரில் ஒரு வாரம் மாட்டிப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் அளவில் இருக்கட்டும்.

[காட்சி: கேன்வாஸின் பின்புறம், துருப்பிடித்த பின்கள்]

இதை நன்றாகப் பாருங்கள், ஏனென்றால் இது என் தவறு. முதல் வருடங்களில் சாதாரண இரும்பு பின் அடித்துக் கேன்வாஸை இழுத்துக் கட்டினேன். உப்புக்காற்று விடுமா? இரண்டு மழைக்காலத்தில் துரு துணிக்குள் இறங்கிவிட்டது. இப்போது எல்லாமே துருப்பிடிக்காத எஃகுதான். நீங்களும் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது கேன்வாஸ் தொய்யும், பிறகு இறுகும். சட்டத்தின் மூலைகளில் ஆப்பு வைக்கும் வசதி இருந்தால், தொய்ந்தபோது லேசாகத் தட்டிச் சரிசெய்யலாம். படத்தின் பின் மூலைகளில் சிறு கார்க் துண்டுகள் ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும், பூஞ்சை பிடிப்பது குறையும். உப்புப் பூத்த சுவரில் மாட்டவே வேண்டாம். மேற்கு வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம்.

எண்ணெய் வண்ணத்தின் ஆழம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கடைசி வார்னிஷ் பூசும் முன் வழக்கமாக 6 மாதமாவது காயவிட வேண்டும், கனமாகப் பூசியிருந்தால் இன்னும் கூடும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவர்களிடம் அக்ரிலிக் என்றுதான் சொல்வேன். அது சீக்கிரம் காயும். ஆனால் நம் வெயிலில் அதன் மேற்பரப்பு லேசாக இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதற்கும் வார்னிஷ் அவசியம்.

[காட்சி: மேசையில் இரண்டு மூன்று சிறிய வண்ண மாதிரிகள், ஒரு பக்க ஒப்பந்தம்]

பணம் பெரும்பாலும் சதுர அடிக் கணக்குதான். முன்பணம் கொடுத்ததும் சிறிய வண்ண மாதிரிகள் கேளுங்கள். மாற்றம் சொல்ல வேண்டியது அப்போதுதான். பெரிய கேன்வாஸ் பாதி முடிந்த பிறகு "இன்னும் கொஞ்சம் சிவப்பு" என்றால் படம் உடைந்துவிடும்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே. ஆனால் 57ஆம் பிரிவுப்படி, படத்தை வரைந்தது தான்தான் என்று சொல்லும் உரிமை ஓவியரிடமே இருக்கும். அதைச் சிதைத்து அவர் பெயரைக் கெடுக்கவும் முடியாது. ஆகவே படத்தை அச்சிடுவது, இணையத்தில் போடுவது பற்றி இருவரும் பேசி ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

[காட்சி: சுவரில் மாட்டிய படம், காலை, நண்பகல், விளக்கு வெளிச்சம்]

படம் வந்ததும் பின்பக்கச் சட்டத்தில் ஆண்டு, வண்ணத்தின் வகை, வார்னிஷின் பெயர் மூன்றையும் ஓவியரையே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது அதைத் துடைக்கவோ பழுதுபார்க்கவோ எடுத்தால், முதலில் தேடுவது அதைத்தான்.