அடங்கலில் பெயர் இல்லாத சம்சாரி

(சேரன்மகாதேவியில் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், கூட்டமொன்றில் பேசியது)

அண்ணாச்சிமாரே, தாய்மாரே, வணக்கம்.

2023 மார்கழி முதல் நாளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு பெய்யாது. தாமிரபரணி கரை புரண்டு, பிசானப் பருவ நெல் நட்ட வயலில் மணலைக் கொண்டுவந்து கொட்டியது. வடக்கே கரிசலில் உளுந்தும் பாசியும் நின்ற நிலையிலேயே அழுகின.

வெள்ளம் வடிந்ததும் கணக்கு எடுத்தார்கள். நிலம் யாருடையது என்று சொல்லும் சிட்டா எங்கே, அதில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல் எங்கே என்று கேட்டார்கள். நாற்று விட்டதும் நட்டதும் யார் என்று யாரும் கேட்கவில்லை.

நம்முடைய ஆற்றுப் பாசனத்தில் கோயில் நிலம், மடத்து நிலம், சென்னைக்கும் மும்பைக்கும் போனவர்களின் நிலம் என்று எத்தனை வயல் குத்தகையில் நடக்கிறது! பாதிக்கு மேல் வாய்ப்பேச்சுதான் என்று நான் பார்த்த ஊர்களை வைத்துச் சொல்வேன். உரமூடைக்குக் கடன் வாங்கியவர் ஒருவர். நிவாரணம் போவது பட்டா வைத்திருப்பவரின் கணக்குக்கு. பயிர்க் காப்பீடு என்றாலும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது என்றாலும் இதே கதைதான். புருஷன் பேரில் பட்டா இருக்க, நடுகையிலிருந்து அறுப்பு வரை தானே நின்று பார்க்கிற அக்காமாருக்கும் இதே நிலைமை.

குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அப்புறம் ஏன் பதியவில்லை? பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். பதியச் சொல்லிக் கேட்டால் அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த போகத்துக்கு, நிலம் வேறு ஆளுக்குப் போய்விடுமே என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். இரண்டு பயமும் நியாயமானதுதான். அதனால்தான் கேட்கிறோம்: நில உரிமையைத் தொடாமல், நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் மட்டும் செல்லுகிற மாதிரி, இந்தப் பூவில் பயிர் வைத்தவர் யார் என்று தனியாக ஒரு பதிவு வையுங்கள்.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். அந்த வெள்ளம் வடிந்த அதே டிசம்பர் கடைசியில் டெல்லியில் ஒரு முடிவு எடுத்தார்கள். உளுந்தையும் துவரையையும் அளவுக் கட்டுப்பாடு இல்லாமல் இறக்குமதி செய்யலாம் என்று 2021-இல் திறந்த வழியை 2025 மார்ச் வரை நீட்டித்தார்கள். பிறகு 2026 மார்ச் வரை. பர்மாவிலிருந்து மட்டும் 2021-22 முதல் 2025-26 வரை வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நகரத்தில் பருப்பு விலை ஏறக்கூடாது என்பதை நான் மறுக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் கடையில் வாங்கித் தின்கிறார்கள். ஆனால் கரிசலில் உளுந்து களத்துக்கு வருவது தை மாசம். தப்பிப் பிழைத்த நாலு மூடையை எடுத்துக்கொண்டு போனால் கப்பல் சரக்கைக் காட்டி விலை பேசுகிறார்கள். புரட்டாசியில் விதைக்கும்போதே இறக்குமதி விதி என்ன, வரி என்ன என்று சொல்லுங்கள், அறுப்பு முடியும் வரை அதை மாற்றாதீர்கள். இதை மத்திய அரசு செய்ய முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குச் சரியாக ஐந்து வருஷம் முன்னால், 2018 டிசம்பர் 17 அன்றுதான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை விவசாயிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. சொந்த நிலம் இல்லாதவருக்கும் குத்தகைக்காரருக்கும் கூலியாளுக்கும் அந்தப் பிரகடனம் பொருந்தும். டெல்லி ஒத்துக்கொண்டதை நம் கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டிலும் எழுதச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்த மாசம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவர்கள் விதை வாங்கின ரசீது, உர ரசீது, பக்கத்து வயல்காரர் இரண்டு பேரின் கையெழுத்து, எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.