உப்பு வாளியும் சிவப்புச் சுங்குடியும்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் சாயப்பட்டறை ஒன்றில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் ஏற்றியதுதான் என் பிழைப்பு. ஏற்றிய சாயம் உங்கள் வீட்டு வாளியில் இறங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஊறப்போடாதீர்கள் என்ற ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார். மகளுக்குத் தலைதீபாவளி. சிவப்புச் சுங்குடி எடுத்துக் கொடுத்தார். கையால் முடிந்த சேலை. சுங்குடியின் அழகே அந்த வெள்ளைப் புள்ளிகள்தானே! துணியைத் துளித்துளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கி, ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். என் அத்தை விளக்கு வைத்த பிறகும் முடிந்துகொண்டிருப்பார். பார்வை மங்கியபோதும் விரல் நிற்கவில்லை.

தீபாவளி முடிந்த இரவு, அந்த அம்மா சேலையையும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியையும் ஒரே வாளியில் போட்டு, இரண்டு கை உப்பையும் அள்ளிப் போட்டு ஊறவைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் வேட்டி ரோஜா நிறம். சேலையின் புள்ளிகளும் ரோஜா நிறம். ஈரத்தோடு பட்டறைக்கு ஓடி வந்தார். "அண்ணே, உப்புப் போட்டேனே!" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பட்டறையிலிருந்து வந்ததுதான். நாங்கள் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுவோம். தண்ணீரில் கரைந்த சாயத்தைப் பருத்தி நூலுக்குள் தள்ளிவிடுவது உப்பு. ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது உப்பு அல்ல. இப்போது பருத்திக்குப் பரவலாகப் பயன்படும் சாயங்கள் சலவைச் சோடாவின் காரத்தில்தான் நூலோடு பிணைகின்றன. பிணையாமல் தங்கும் மிச்சத்தை, கொதிக்கும் சோப்பு நீரில் அலசி எடுக்க வேண்டும். அவசரத்தில் அந்த அலசலைக் குறைத்தால் மிச்சச் சாயம் துணியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். முதல் இரண்டு மூன்று துவைப்பில் இறங்குவது பெரும்பாலும் அதுதான். எங்கள் தொழிலின் குறை அது; உங்கள் துவைப்பின் குறை அல்ல.

அது இறங்கட்டும், தனியாக இறங்கட்டும். புதுத் துணியைக் குளிர்ந்த நீரில், வேறு துணி சேர்க்காமல், சட்டென்று அலசி எடுங்கள். தண்ணீர் தெளியும் வரை மாற்றுங்கள். ஊறப்போடாதீர்கள். பிழிந்ததைச் சுருட்டி வாளியிலேயே விட்டாலும் ஊறப்போட்டது போலத்தான். ஒரு மடிப்பின் நிறம் அடுத்த மடிப்பில் ஏறிவிடும். உடனே கொடியில் விரியுங்கள். சாயம் போகுமா என்ற சந்தேகம் இருந்தால், வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து உள்தையல் பக்கம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை ஒட்டினால் அது தனித் துவைப்புதான்.

அந்த வேட்டியை மீட்டோம். ஈரம் காயாமல் கொண்டுவந்ததால் முடிந்தது. சுடுதண்ணீரிலும் சவுக்காரத்திலும் நான்கு முறை அலசினோம். காயவைத்து இஸ்திரியும் போட்டிருந்தால் அவ்வளவு எளிதாகப் போயிருக்காது. ஆகவே, வெள்ளையில் சாயம் ஏறிவிட்டால் காயவிடாதீர்கள். சேலையைச் சுடுதண்ணீரில் போட வழியில்லை. சிவப்பு இன்னும் இறங்கும். அந்தப் புள்ளிகள் பழைய வெள்ளைக்குத் திரும்பவே இல்லை. யாரோ ஒருத்தி நாள்கணக்கில் முடிந்த புள்ளிகள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வெயிலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: நல்ல சாயத்தையும் வெயில் வெளுக்கும். சட்டையை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி நிழலில் உலர்த்துங்கள், சேலைக்கு நிழலேதான். பட்டுக்குக் காரமான சலவைத்தூள் ஆகவே ஆகாது. நூலும் கெடும், நிறமும் இறங்கும். இயந்திரத்தில் துவைப்பவர்கள் அடர்நிறங்களைத் தனியாக, குளிர்ந்த நீரில், குறைந்த நேரச் சுற்றில் போடுங்கள். முடிந்ததும் உள்ளேயே விடாமல் எடுத்துவிடுங்கள். வணக்கம்.