சிரிக்கிறானே, அவனுக்கு என்ன குறை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சக மாணவர்களின் கேலியும் கொடுமையும் பதின்வயதில் அதிகம் நொறுக்குவது பெண்பிள்ளைகளையா, ஆண்பிள்ளைகளையா? ஆண்பிள்ளைகளைத்தான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தோழி என்ன சொன்னார்? "பையனுக்கு என்ன, இன்றைக்கு அடி வாங்குவான், நாளைக்கு அடித்தவனோடயே பந்து விளையாடப் போவான்." நீங்களும் கைதட்டினீர்கள். ஏன் போகிறான் என்று யாராவது கேட்டீர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு பையன். குரல் உடைகிற வயது. வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்தான், குரல் கீச்சென்று போய்விட்டது. அன்றோடு அவன் பெயர் போச்சு, எல்லாருக்கும் அவன் 'கீச்சு'. கூப்பிட்டவர்களோடு அவனும் சிரித்தான். அதுவும் எப்படி? முதல் ஆளாக, சத்தமாக! ஆசிரியர் பார்த்தார், ஜாலியான பையன். அம்மா பார்த்தார், நிறைய நண்பர்கள். அப்புறம் வாசிக்கச் சொன்னாலே "புத்தகம் எடுத்துவரவில்லை" என்று சொல்லி வெளியே போய் நிற்பான். புத்தகம் பைக்குள்ளேயே இருக்கும். நன்றாகக் கேளுங்கள், பைக்குள்ளேயே இருக்கும்! வாயைத் திறப்பதைவிடத் தண்டனையே மேல் என்று ஆகிவிட்டது அவனுக்கு. அவர்களோடுதான் மாலையில் பந்து விளையாடவும் போனான். போகாவிட்டால் 'அழுமூஞ்சி' என்று இன்னொரு பட்டப்பெயர் விழுமே! வீட்டுக்கு வந்து தங்கையிடம் எரிந்து விழுந்தான், கதவை உதைத்தான். திமிர் என்றார்கள்.

திமிரா அது? வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படும் என்று மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடே சொல்கிறது.

ஆய்வுகளில் பெண்பிள்ளைகள்தான் அதிக வருத்தம் சொல்கிறார்களாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். வதந்தியும் ஒதுக்கிவைப்பதும் அவர்களை எப்படிக் குத்தும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது வாய்விட்டுச் சொன்னவர்களின் கணக்கு. சொல்லாதவன் எந்தக் கணக்கில் வருவான்?

1982 இறுதியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்று தெரிந்து நாடே கலங்கியது. 1983-இல் பள்ளிகளில் நாடு தழுவிய இயக்கமே தொடங்கினார்கள். அந்த மூவரும் பையன்கள், நடுவர் அவர்களே.

மகள் அழுதால் மடியில் சாய்த்துக்கொள்கிறோம். மகன் கண் கலங்கினால் "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்கிறோம். அவன் எங்கேதான் போய் அழுவான்?

தோழி, பந்து விளையாடிவிட்டு வரும் பையனை இன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்து, "உன்னை அங்கே என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்பான். விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.