மணலுக்கு அடியில் மிதக்கும் நல்ல தண்ணீர் | தனுஷ்கோடி வ்லாக்

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது தனுஷ்கோடியில், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி நிற்கிறேன். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை, நடுவில் ஒடுக்கமாக ஒரு மணல் திட்டு. கேமராவைக் கீழே இறக்குகிறேன், இந்தக் குழியைப் பாருங்கள்.

இடுப்பளவு ஆழம்கூட இல்லை. மணல் சரியாமல் இருக்கச் சுற்றிலும் மரத்துண்டு வைத்திருக்கிறார்கள். அடியில் ஒரு சாண் தண்ணீர் கிடக்கிறது. மீனவக் குடும்பத்து அக்கா ஒருவர் அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். நாலைந்து அகப்பை எடுத்ததும் நிறுத்திவிட்டு, ஊறட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறார். நானும் வாங்கிக் குடித்தேன். கொஞ்சம்கூடக் கரிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் கடல்! "இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிறைய வருமே அக்கா?" என்று கேட்டேன். "தோண்டினா கரிச்சிரும் தம்பி" என்றார்.

ஏன் கரிக்கும்? மழைத் தண்ணீர் மணலில் இறங்கும்போது, கீழே ஏற்கெனவே கடல் தண்ணீர் பரவியிருக்கிறது. உப்புத் தண்ணீருக்கு எடை அதிகம். அதனால் நல்ல தண்ணீர் அதோடு கலந்துவிடாமல், பால் மேல் ஆடை மாதிரி மேலே மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறு வருடத்துக்கு முன்பே இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழே இருக்கும் உப்பு நாளடைவில் 40 அடி மேலே ஏறி வரும். அந்த அக்கா அகப்பையை வைத்துவிட்டுக் காத்திருப்பது இதற்காகத்தான்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கடற்கரை ஊர்களில் தண்ணீர் இல்லையென்றால் நாம் முதலில் கேட்பது 'போர்வெல் போடு' என்பதுதான். விடுதி கட்டினால் போர், பண்ணை வைத்தால் போர். மணல் மேட்டை வெட்டி லாரியில் ஏற்றினால், மழையைப் பிடித்து வைக்கும் இடமே போய்விடுகிறது. நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பாகிறது என்று காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆனால் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு செய்துகொண்டு தொடர வழி கிடைத்துவிட்டது.

கடலும் சும்மா இருக்கப் போவதில்லை. 1964 டிசம்பர் புயலில் இந்த ஊரே போனது உங்களுக்குத் தெரியும். கடல் மட்டம் உயர உயர, ஒவ்வொரு புயல் அலையும் இன்னும் உள்ளே வரும், கிணற்றுக்குள் உப்பை இறக்கிவிட்டுப் போகும். 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப மோட்டார் வைத்து இறைத்தார்கள். மட்டுமீறி இறைத்த இடங்களில் கீழே இருந்த உப்பும் மேலே ஏறியது. குப்பையை வாரிவிட்டு, அளவாக இறைத்து, மிச்சத்தை மழைக்கு விடுங்கள் என்று நிபுணர்கள் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, காவிரி வருகிறதே என்பீர்கள். ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-ல் தொடங்கியது, திருச்சிப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. பெரிய உதவிதான், மறுக்க மாட்டேன். ஆனால் குழாயின் கடைசியில் இருக்கிற ஊருக்கு அது மட்டுமே போதாது. ஆர்.ஓ. பிளாண்ட்? அதில் பாதிக்குப் பக்கம் உப்புக் கழிவாக வெளியே வரும். அதைப் பிளாண்டுக்குப் பின்னாலேயே மண்ணில் விட்டால், எந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறோமோ அதையே கெடுக்கிறோம்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஊருணி தெரியும். குடிக்க மட்டும் என்று வைத்திருக்கும் குளம். மாடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, செருப்புக் காலோடு படியில் கால் வைக்கக்கூடாது. கலங்கலாக இருந்தால் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நன்றாகத் தேய்த்து, தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் விடுவார்கள், மண் அடியில் படிந்துவிடும். (தெளிந்தால் போதாது, கொதிக்க வைக்க வேண்டும். கிருமி கண்ணுக்குத் தெரியாது.) தூர்வாரும்போதும் அந்த அக்கா சொன்னதுதான் கணக்கு. ஜே.சி.பி. கிடைத்தது என்று அடியில் இருக்கும் களிமண்ணைப் பிளந்து தோண்டினால், கீழே இருக்கும் உப்பு ஊறிவிடும். வண்டலை அள்ளுங்கள், வரத்துக்காலில் இருக்கும் சீமைக்கருவேலத்தை எடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

அப்புறம் கூரை. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். இந்த மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. 40 சதுர மீட்டர் ஓட்டு வீடு என்றால் 32,000 லிட்டர். அதில் பாதியைப் பிடித்தாலே, ஐந்து பேர் வருடம் முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் காணும். அதைச் சேர்த்து வைக்கத் தொட்டிதான் வேண்டும், அதற்குத்தான் காசு தேவை. ஓலைக் குடிசையில் இது நடக்காது, தண்ணீர் பழுப்பாக இறங்கும். தனுஷ்கோடியில் நிறைய வீடு ஓலைதான். அப்படிப்பட்ட இடத்தில் பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் மாதிரி கான்கிரீட் கூரை உள்ள கட்டடத்தில் பொதுத் தொட்டி கட்டலாம்.

கடற்கரை ஊரில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மார்ச் 22 அன்று கிராம சபை நடக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை சொல்லிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பரிசோதனைப் பெட்டி எங்கே என்று கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக் குப்பி கறுத்ததா இல்லையா (கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம்) என்று சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஆர்.ஓ. கழிவு எங்கே போகிறது, மணல் மேட்டைத் தோண்ட யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று ஊர்ப் பேரோடு கமெண்டில் போடுங்கள். பதிலே வராத ஊர்களுக்கு அடுத்து நான் வருகிறேன்.