ஒரு நொடியில் மடியும் ஸ்ட்ரோலர்... கைக்குழந்தைக்கு வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டீர்களா?

(காட்சி: ஒரு கை பொத்தானை அழுத்துகிறது. ஸ்ட்ரோலர் சடக்கென்று மடிந்து தோள்பை அளவுக்குச் சுருங்குகிறது.)

பார்த்தீர்களா? ஒரே நொடி, ஒரே கை. எந்த ஸ்ட்ரோலர் விளம்பரத்தைத் திறந்தாலும் இந்தக் காட்சிதான் முதலில் வரும். எனக்கும் இது அலுக்கவே அலுக்காது, அவ்வளவு அழகாக மடிகிறது. ஆனால் உங்கள் குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லையா? அப்படியென்றால் அந்த மடிப்பை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இதன் சாய்மானம் எவ்வளவு தூரம் கீழே இறங்கும்?"

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். 2014இல் குட்பேபி நிறுவனத்தின் பாக்கிட் என்ற ஸ்ட்ரோலர், உலகிலேயே மிகச் சிறியதாக மடியும் ஸ்ட்ரோலர் என்று கின்னஸ் சாதனை படைத்தது. மடித்து வைத்தால் 35 சென்டிமீட்டர் உயரம், 30 அகலம், 18 தடிமன். ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பெட்டியின் மேலேயே போட்டிருக்கும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு என்று. உலக சாதனை வண்டி, ஆனால் உங்கள் இரண்டு மாதக் குழந்தைக்கு அது ஆகாது.

(காட்சி: பழைய குடை, மெதுவாக மடிகிறது.)

சரி, இந்த மடிப்பு எங்கிருந்து வந்தது என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவன் மெக்லாரன் என்று ஒரு பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பை வடிவமைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. கைக்குழந்தையோடு பயணம் வந்த மகள், கனமான அந்தக் காலத்துக் குழந்தை வண்டியோடு படாதபாடு படுவதைப் பார்த்தார். பறக்கும் விமானத்தின் சக்கரத்தை இறக்கைக்குள் மடித்து வைத்த மனிதருக்கு ஒரு குழந்தை வண்டியை மடிக்கத் தெரியாதா! அலுமினியக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, குடையைச் சுருக்குவது போலச் சுருங்கும் ஒரு வண்டியைச் செய்தார். 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோகூட இல்லை. இன்று நாம் வாங்கும் எல்லாக் குட்டி ஸ்ட்ரோலர்களுக்கும் அதுதான் பாட்டனார்.

அந்த வண்டியில் இருக்கை என்பது இரண்டு குழாய்களுக்கு நடுவே தொங்கும் ஒரு துணி. உட்காரத் தெரிந்த குழந்தைக்கு அது போதும். கழுத்தே நிற்காத குழந்தைக்கு?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.

பிறந்த குழந்தையின் தலை, அதன் மொத்த நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். நம் உடம்போடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு தலை! போதாததற்கு அந்தத் தலையின் பின்பக்கம் புடைத்திருக்கும். அதைத் தாங்கும் கழுத்துத் தசைக்கு இன்னும் வலு வரவில்லை. இப்போது அந்தக் குழந்தையைக் கொஞ்சம் நிமிர்ந்த இருக்கையில் வையுங்கள். தலை முன்னால் சரியும், மோவாய் நெஞ்சில் போய் முட்டும். உள்ளே மூச்சுக்குழாயின் விட்டம் நான்கைந்து மில்லிமீட்டர்தான், ஒரு மெல்லிய உறிஞ்சுகுழாய் அளவு. கழுத்து மடங்கினால் அந்த வழி இன்னும் குறுகும். இதில் பயப்பட வேண்டிய விஷயம், குழந்தை இதற்காக அழாது, சத்தம் போடாது. பார்ப்பவர்களுக்கு "அடடா, எவ்வளவு அமைதியாகத் தூங்குகிறான்" என்றுதான் தோன்றும்.

அதனால்தான் ஐரோப்பாவின் இஎன் 1888 என்ற பாதுகாப்புத் தரம், பிறந்த நாளிலிருந்து பயன்படுத்தலாம் என்று விற்கப்படும் ஸ்ட்ரோலரில் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி கோணம் வேண்டும் என்கிறது. நேராகப் படுத்தால் 180. நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் 90 சொச்சம். 150 என்பது ஏறக்குறைய படுக்கை.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. உங்கள் போனில் சாய்வு காட்டும் ஆப் இருக்கும், சுவரில் படம் நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்போமே, அதுதான். ஸ்ட்ரோலரைச் சமதரையில் நிறுத்தி, சாய்மானத்தை முழுவதும் இறக்குங்கள். போனைச் சாய்மானத்தின் மேல் வையுங்கள். தரையிலிருந்து எத்தனை டிகிரி என்று காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இருக்கைப் பகுதியின் மேல் வையுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரோலர்களில் இருக்கையின் முன்பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும். அதையும் குறித்துக்கொண்டு இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 30க்குள் இருந்தால் உங்களிடம் 150 டிகிரி இருக்கிறது. 45, 50 என்று வந்தால், அது உட்காரத் தெரிந்த குழந்தைக்கான வண்டி. துணித் தொட்டில் மாதிரி தொங்கும் இருக்கையாக இருந்தால் குழந்தையின் எடைக்கு ஒரு சின்ன அரிசி மூட்டையோ புத்தகங்களோ வைத்துவிட்டு அளந்து பாருங்கள். எடை ஏறியதும் துணி பள்ளம் விழுந்து கோணம் மாறிவிடும்.

கோணம் போதவில்லை என்றால் தலைக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துச் சமாளிக்கலாமா? வேண்டாம். அது தலையை இன்னும் முன்னால் தள்ளும். அந்த வண்டிக்கென்றே நிறுவனம் தரும் கைக்குழந்தைப் படுக்கை இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். பேபிஜென் யோயோ போன்ற சில மாடல்களில் முதல் ஆறு மாதத்துக்குத் தட்டையான ஒரு படுக்கை, அதற்கு அப்புறம் அதே சட்டத்தில் சாதாரண இருக்கை என்று மாற்றிக்கொள்ளலாம். என் கருத்தைக் கேட்டால், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த வகைதான் நல்லது.

இன்னொன்று. 150 டிகிரி இருந்தாலும் அது இரவுத் தூக்கத்துக்கான படுக்கை இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குழந்தை தூங்கும் பரப்பு 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்கிறது. உலாவும்போது தூங்கிவிட்டானா, சரி, தூங்கட்டும். கண்ணெதிரே இருக்கட்டும். வீடு வந்ததும் தூக்கிப் படுக்கையில் போடுங்கள். எழுந்துவிடுவானே என்றுதானே யோசிக்கிறீர்கள்? எழுந்தால் எழட்டும்.

(காட்சி: குட்டிச் சக்கரமும் பெரிய சக்கரமும் அருகருகே, எதிரே இரண்டு சென்டிமீட்டர் மரத்துண்டு.)

அடுத்து சக்கரம். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் பள்ளிக்கூட இயற்பியல் அப்படியே கண் முன்னால் நடக்கும்.

குட்டி ஸ்ட்ரோலரின் சக்கரம் சுமார் 14 சென்டிமீட்டர் விட்டம், அதாவது ஆரம் 7. பெரிய வண்டியில் 30 வரை போகும், ஆரம் 15. எதிரே இரண்டு சென்டிமீட்டர் மேடு, ஒரு வாசற்படி விளிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தின் மேல் நான்கு கிலோ பாரம் இருக்கிறது. பெரிய சக்கரம் அந்த மேட்டில் ஏற நீங்கள் கொடுக்க வேண்டிய தள்ளுவிசை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குட்டிச் சக்கரத்துக்கோ ஏறக்குறைய நான்கு கிலோ! மேல் இருக்கும் பாரம் முழுவதையும் கிடைமட்டமாகத் தள்ளுவது போல. மேட்டின் உயரம் சக்கரத்தின் ஆரத்தைத் தொட்டுவிட்டால், யானையே வந்து தள்ளினாலும் சக்கரம் ஏறாது. வண்டி கவிழும், அல்லது சட்டம் வளையும்.

ஆக, குட்டி ஸ்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் மேட்டைப் பார்த்ததும் முட்டித் தள்ளவே கூடாது. கைப்பிடியைக் கீழே அழுத்தி, முன் சக்கரங்களைத் தூக்கி, மேட்டின் மேல் வைத்துவிட்டு, அப்புறம் பின்பக்கத்தைத் தூக்குங்கள். மேடு இன்னும் உயரமாக இருந்தால் வண்டியைத் திருப்பி, நீங்கள் முதலில் ஏறி, பின் சக்கரங்களை உங்கள் பக்கம் இழுங்கள். தள்ளும்போது நம் விசை சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது. இழுக்கும்போது அதே விசை அதைத் தூக்கிவிடுகிறது. லிஃப்ட் வாசல், ரயில் கதவு எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. ஒருமுறை செய்து பாருங்கள், "இத்தனை நாள் ஏன் இப்படிச் செய்யவில்லை" என்று கேட்பீர்கள்.

கரடுமுரடான தெருவில்தான் தினமும் நடக்கிறீர்கள் என்றால் குட்டி ஸ்ட்ரோலரே வேண்டாம். மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை, வேண்டாம். அந்த அதிர்வு குழந்தையின் தலைக்கும் போகும்.

கைப்பிடியில் பை மாட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. ஒருநாள் சாமான் நிறைந்த பையை மாட்டிவிட்டு, மகளை வண்டியிலிருந்து தூக்கினேன். அடுத்த நொடி வண்டி பின்னால் மல்லாந்தது. குழந்தை என் கையில் இருந்ததால் தப்பித்தோம். குழந்தை உள்ளே இருக்கும்வரை அவள் எடை முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, பையின் பாரம் வெளியே தெரியவில்லை. அவளைத் தூக்கியதும் பை ஜெயித்துவிட்டது. வண்டி இலேசானது என்று ஆசைப்பட்டு வாங்குகிறோம், அந்த இலேசுதான் இங்கே எதிரி. பையை இருக்கைக்குக் கீழே இருக்கும் கூடையில் வையுங்கள்.

பிரேக். நின்றால் பிரேக், அரை நிமிடம் நின்றாலும் பிரேக். 2009இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஒரு ரயில் நிலையத்தில் ஸ்ட்ரோலர் தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது, வந்துகொண்டிருந்த ரயில் அதை மோதி இழுத்துச் சென்றது. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. ஆறு மாதக் குழந்தை, தலையில் ஒரு வீக்கத்தோடு பிழைத்துக்கொண்டது. ரயில் நடைமேடைகள் பார்வைக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் தண்ணீர் வடிய இலேசான சரிவு இருக்கும். பிரேக் போட்டு, தண்டவாளத்துக்கு இணையாக வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்.

மடிக்கும்போது குழந்தையின் விரல் எங்கே என்று பாருங்கள். அதே 2009இல், முன்னே சொன்ன ஓவன் மெக்லாரன் தொடங்கிய மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களின் மடிப்பு மூட்டுகளுக்கு உறை போட வேண்டியிருந்தது. விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன.

பெல்ட் ஐந்து முனை, அதாவது இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று. தூங்கினாலும் போட வேண்டும்.

அப்புறம் வெயில். வண்டியின் மேல் ஒரு மெல்லிய துணியை முழுவதும் போர்த்தி மூடிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் 2023இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், காய்ந்த மஸ்லின் துணியால் மூடிய ஸ்ட்ரோலரின் உள்ளே வெளியைவிட இரண்டரை டிகிரிக்கு மேல் சூடு ஏறியது. இதில் அழகான திருப்பம் என்னவென்றால், அதே துணியை நனைத்துப் போட்டு ஒரு சின்ன விசிறியும் வைத்தபோது வெளியைவிட நான்கு டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கிறதே, அதே கதை. எனவே நனைத்த துணி, காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும், காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். அடிக்கடி குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

குழந்தை நம்மைப் பார்த்து உட்காரும் வண்டியா, வெளியே பார்க்கும் வண்டியா? 2008இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக உளவியலாளர் சுசான் ஜீடிக் நடத்திய ஆய்வில், முகத்துக்கு முகம் பார்க்கும் வண்டியைத் தள்ளிய பெற்றோர் குழந்தையோடு பேசுவது இரண்டு மடங்கு அதிகமாக இருந்தது. குட்டி ஸ்ட்ரோலர்களில் பெரும்பாலானவை வெளியேதான் பார்க்கும். அப்படி இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, முன்னால் வந்து குனிந்து, முகத்தைக் காட்டி இரண்டு வார்த்தை பேசுங்கள். மோவாய் நெஞ்சில் முட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விமானத்துக்குள் கொண்டு போக முடியுமா என்பதை "கேபின் அளவு" என்று பெட்டியில் அச்சடித்ததை நம்பி முடிவு செய்யாதீர்கள், நீங்கள் போகும் விமான நிறுவனத்தின் அளவைச் சென்டிமீட்டரில் ஒப்பிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஸ்ட்ரோலர் இருக்கிறதா? இன்றைக்கே போனை வைத்து அளந்து, கூட்டுத்தொகை எவ்வளவு வந்தது என்று மாடல் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். வாங்கப் போகிறவர்கள் அந்தக் கமெண்டுகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.